பக்கத்து வீடு 400 கிலோமீட்டர் மேலே

இன்றைக்கு ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பிக்கலாம். பசிபிக் பெருங்கடலின் தெற்குப் பக்கம், எந்தத் திசையில் போனாலும் கரை குறைந்தது 2,688 கிலோமீட்டராவது தள்ளி இருக்கிற ஒரு இடம். பெயர் பாயின்ட் நீமோ. ஊர் கிடையாது, தீவு கிடையாது, அந்தப் பக்கம் கப்பல் வருவதே அபூர்வம். ஆயுள் முடிந்த விண்கலங்களை விழ வைக்கிற இடமும் இந்தக் கடல்தான். ரஷ்யாவின் மிர் நிலையத்தை 2001-ல் இந்தப் பகுதியில்தான் இறக்கினார்கள். நீங்கள் நீமோவில் நிற்கும்போது சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போனால், உங்களுக்கு மிக அருகில் இருக்கிற மனிதர்கள் அதில் இருப்பவர்கள்தான். பக்கத்து வீடு 400 கிலோமீட்டர் மேலே!

2025 ஜனவரி கடைசியில் ஒரு பாய்மரப் படகு அந்தப் புள்ளியைக் கடந்தது. ஐஎன்எஸ்வி தாரிணி. நீளம் 17 மீட்டர், கோவாவில் கட்டியது. உள்ளே இரண்டே பேர், இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கோழிக்கோட்டுக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி நம்ம புதுச்சேரி. காரைக்கால்காரன் 'நம்ம'ன்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அவர் படித்தது ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங், அதனால் இன்ஜினியர் என்ற முறையிலும் நான் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவின் போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன். நடுவில் கேப் ஹார்ன் முனை. 2025 மே 29-ல் திரும்பக் கோவா. ஏறத்தாழ எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கும் மேல்.

இரண்டு பேர் போனால் அது தனிமைப் பயணமா என்று கேட்பீர்கள். ஒருத்தர் காவல் இருக்கும்போது இன்னொருத்தர் தூங்கியாக வேண்டும். அப்படியென்றால் மேல்தட்டில் நிற்பவர் பாதி நேரம் தனிதான். வாடகையைப் பங்குபோட்டு, ஒருத்தர் டே ஷிஃப்ட், இன்னொருத்தர் நைட் ஷிஃப்ட் போகிற ரூம்மேட்ஸ் இருப்பாங்க இல்ல, அந்த மாதிரி.

இதை ஏன் இப்போது பேசுகிறேன் என்றால், போன மாதம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ரூம், முழு நேர வொர்க் ஃப்ரம் ஹோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடியதிலிருந்து திங்கள் காலை ஸ்டாண்டப் வரைக்கும் அவர் வாய் திறந்து ஒரு மனுஷரிடம் சொன்ன ஒரே விஷயம், சாப்பாடு கொண்டுவந்த தம்பியிடம் சொன்ன நாலு இலக்க ஓடிபி. சொல்லிவிட்டு, "ப்ரோ, தனியா உலகத்தைச் சுத்தினவங்க எல்லாம் தனிமையில அர்த்தம் கண்டுபிடிச்சேன்னு புக் எழுதறாங்களே, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் கிடைக்கல?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நேரடியாகப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நான் மனநல மருத்துவர் இல்லை. அவரிடம் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் 'அர்த்தம் கண்டுபிடிச்சவங்க' என்ற அந்தப் பாதி கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது.

1968. லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எங்கேயும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வர வேண்டும். அதுவரை யாருமே செய்ததில்லை. தனியாகச் சுற்றியவர்கள் இருந்தார்கள். ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல் கிளம்பி 1898-ல் முடித்தார், ஆனால் வழிநெடுக நின்று நின்று போனவர். நிற்காமல் போகிறது வேற லெவல். கிளம்பியது ஒன்பது பேர். முடித்தது ஒரே ஒருத்தர்.

அந்த ஒன்பதில் மூன்று பேர் மட்டும் நமக்குப் போதும். மூன்று பேருக்கும் ஆசியாவோடு தொடர்பு இருக்கிறது என்பது நான் படிக்கப் படிக்கத் தெரிந்தது.

முதலாவது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். ஜெயித்தவர். அவருடைய படகு சுஹைலி, பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. மெதுவான படகு, பந்தயத்துக்கு எடுத்துப் போகிற வகையே இல்லை. போகிற வழியில் ரேடியோ போச்சு. தானாகத் திசை பிடிக்கும் கருவி ஒன்று இருக்கும், விண்ட் வேன் என்று பெயர். காற்று வரும் கோணத்தை வைத்து, கரண்ட் இல்லாமல் சுக்கானைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆட்டோபைலட்டின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உடைந்தது. மனுஷன் பாய்களைச் சரிக்கட்டி வைத்தே ஓட்டினார். நியூசிலாந்து தாண்டியபிறகு பல மாதம் அவரைப் பற்றித் தகவலே இல்லை. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22-ல் கிளம்பின அதே ஃபால்மத் துறைமுகத்தில் வந்து நின்றார். கிளம்பும் முன்னாடியும் வந்தபிறகும் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு தடவையும் ஒரே முடிவு: கவலைப்படும் அளவுக்கு நார்மல். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ரிசல்ட் இதுதான். 312 நாள் தனிமை, மாற்றம் பூஜ்யம். ஞானமும் வரவில்லை, பைத்தியமும் பிடிக்கவில்லை. வேலை இருந்தது, செய்தார், வந்தார்.

இரண்டாவது டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். பிறந்தது நம்ம காஜியாபாத்தில், 1932-ல். எலக்ட்ரானிக்ஸ் ஆள். சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி, கப்பல்களுக்கான திசை அறியும் கருவி அவருடைய தயாரிப்பு. பிசினஸ் நொடித்துக்கொண்டிருந்தது. போட்டியில் கலந்துகொண்டால் விளம்பரம் கிடைக்கும், ஜெயித்தால் பணம். முதலீடு செய்தவரோடு ஒப்பந்தம் வேறு. நடுவில் விட்டால் எல்லாம் போய்விடும். இந்தக் கதையைக் கேட்டு, ஸ்டார்ட்டப்பில் வேலை பார்த்த யாருக்கும் வயிறு கலங்காமல் இருக்காது.

படகு அரைகுறையாகத்தான் தயாரானது. கடைசித் தேதியான 1968 அக்டோபர் 31 அன்று கிளம்பிவிட்டார். சில வாரத்திலேயே தெரிந்துவிட்டது, இந்தப் படகு தென்கடலின் அலையைத் தாங்காது. ஒழுகுகிறது. முன்னே போனால் சாவு, திரும்பினால் திவால். அவர் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தார். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, ரேடியோவில் மட்டும் வேகமாக முன்னேறுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் ரேடியோவையும் நிறுத்தினார். கையில் இருக்கிற கணக்கு இரண்டு: உண்மையில் இருக்கிற இடம் ஒன்று, இருப்பதாகச் சொல்லும் இடம் இன்னொன்று.

இதை ஒரு நிமிஷம் இன்ஜினியராக யோசித்துப் பாருங்கள். பொய்யான இடத்தைச் சொல்வது சுலபம் இல்லை. ஜிபிஎஸ் இல்லாத காலம். சூரியனின் உயரத்தை செக்ஸ்டன்ட்டில் அளந்து, அதிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை கணக்குப் போடுவார்கள். பொய் சொல்ல வேண்டுமானால் அதைத் தலைகீழாகப் போட வேண்டும். இருப்பதாகச் சொல்கிற இடத்தில் சூரியன் எங்கே தெரிந்திருக்கும், காற்று எப்படி இருந்திருக்கும், எல்லாவற்றையும் உருவாக்க வேண்டும். உண்மையாக ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை. டெஸ்ட் எழுதாமல் டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் எழுதிப் பார்த்தவங்களுக்குப் புரியும்.

அவர் திட்டம் என்னவென்றால், கடைசியாக வந்தால் போதும், தோற்றவனின் நோட்டை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். ஆனால் முன்னால் போன நைஜல் டெட்லி, க்ரோஹர்ஸ்ட் பின்னாலேயே வருகிறார் என்று நம்பி, ஏற்கெனவே சேதமாகியிருந்த படகை விரட்டினார். 1969 மே மாதம் படகு மூழ்கியது. டெட்லி உயிர் தப்பினார். இப்போது வேகத்துக்கான 5,000 பவுண்ட் பரிசு தானாக க்ரோஹர்ஸ்ட் பக்கம் வந்து நிற்கிறது. ஜெயிப்பதுதான் இப்போது ஆபத்து. கடைசி நாட்களில் நோட்டில் ஆயிரக்கணக்கான சொற்கள் எழுதினார். காலம், கடவுள், கணிதம் என்று அவருக்கே வழி தெரியாத எழுத்து. கடைசிப் பதிவு ஜூலை 1. ஜூலை 10-ல் ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டது. ஆள் இல்லை. நோட்டுகள் இருந்தன, உண்மையும் பொய்யும். வீட்டில் மனைவி, நாலு குழந்தைகள். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டையும் அந்தக் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எல்லாரும் க்ரோஹர்ஸ்ட்டைத் தனிமை கொன்றது என்று எழுதுகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதே கடல், அதே மாதிரி தனிமைதான் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கும். அவருக்கும் மாதக்கணக்கில் பேச ஆள் கிடையாது. ஆனால் அவர் தன் நோட்டில் எழுதியதும் கரையில் சொல்லப்போவதும் ஒன்றுதான். க்ரோஹர்ஸ்ட்டுக்கு அப்படி இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர் மட்டும்தான், அதை யாரிடமும் சொல்லவே முடியாது. அந்த மாதிரித் தனிமைக்குக் கடல் தேவையே இல்லை. முப்பது பேர் இருக்கும் மீட்டிங்கில் 'ஆல் குட், ஆன் ட்ராக்' என்று சொல்லிவிட்டு மியூட் போடுகிற ஆளுக்கும் அது இருக்கும்.

மூன்றாவது ஆளைத்தான் இன்ஸ்டா ரீல்ஸில் எல்லாரும் கொண்டாடுவது. பெர்னார் முவாத்தெசியே. பிரெஞ்சுக்காரர், பிறந்தது 1925-ல் ஹனோயில், வளர்ந்தது சைகோனில். காரைக்காலில் சைகோன் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். 1954 நவம்பர் 1 வரைக்கும் இங்கே ஆண்டது பிரெஞ்சுக்காரர்கள். நம்ம ஊர் ஆட்கள் வியாபாரம், சர்க்கார் உத்தியோகம் என்று கப்பலேறி அங்கே போனவர்கள் ஏராளம். அந்த சைகோன் பையன் சயாம் வளைகுடா மீனவர்களிடம் கடல் கற்று, 1952-ல் ஒரு பழைய, ஒழுகுகிற ஜங்க் படகில் தனியாக இந்தியப் பெருங்கடலில் இறங்கினார். டியேகோ கார்சியாவில் பவளப்பாறையில் மோதிப் படகு போச்சு. ஆளும் ஆசையும் மட்டும் மிச்சம்.

1968 போட்டியில் அவர் படகின் பெயர் ஜோஷுவா, அந்த ஸ்லோகம் ஞாபகமாக. நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு ரெண்டு மாதம் பின்னால் கிளம்பி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். கேப் ஹார்னும் தாண்டிவிட்டார். இனி வடக்கே திரும்பி ஐரோப்பா போனால் போதும், பரிசுக்கு நல்ல வாய்ப்பு. அவர் திரும்பவில்லை. கேப் டவுன் பக்கம் ஒரு கப்பலின் மேல்தட்டுக்கு உண்டிவில்லால் ஒரு செய்தியை அடித்தார்: போட்டி வேண்டாம், நான் பசிபிக் போகிறேன், கடலில் சந்தோஷமாக இருக்கிறேன் என்ற மாதிரி. மறுபடியும் பாதி உலகம் சுற்றி 1969 ஜூனில் தஹீத்தியில் இறங்கினார்.

'ரேட் ரேஸை விட்டவர்' என்று பின்னணி இசையோடு போடுவார்கள். எனக்கும் காலேஜில் அவர்தான் ஹீரோ. இப்போதும் பிடிக்கும். ஆனால் அந்த ரீல்ஸில் இல்லாத ஒருத்தர் இருக்கிறார். பிரான்சுவாஸ், அவர் மனைவி. சும்மா கரையில் நின்று கையசைத்தவர் இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னாடி இதே முவாத்தெசியேயோடு இதே கேப் ஹார்னைப் பாய்மரத்தில் சுற்றி வந்தவர். பிரான்சில் காத்திருந்தார். அவர் திரும்பவில்லை. தஹீத்தியில் அவருக்கு வேறு துணை, ஒரு மகன் என்று வாழ்க்கை வேறு பக்கம் போனது.

இந்த இடத்தில் காரைக்கால்காரனுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வராமல் இருக்காது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிக்கு மாடி நின்று மாம்பழம் இறைக்கிறோமே, அந்தப் புனிதவதி கதை. கணவன் பரமதத்தன் கொடுத்து அனுப்பிய மாம்பழம் ரெண்டு. ஒன்று அடியாருக்குப் போச்சு. இறைவன் அருளால் இன்னொன்று வந்தது. அதைப் பார்த்துப் பயந்து, வியாபாரத்துக்கு என்று சொல்லிக் கப்பல் ஏறினான். திரும்பி வந்து இறங்கியது பாண்டிய நாட்டில். அங்கே இன்னொரு கல்யாணம், ஒரு மகள், அவளுக்குப் பெயர் புனிதவதி. விஷயம் தெரிந்து உறவுக்காரர்கள் இவளைக் கூட்டிப் போய் நிறுத்தினால், மனைவி குழந்தையோடு காலில் விழுகிறான். அதற்குமேல் அந்த உடம்பு எனக்கு எதற்கு என்று பேயுருவம் கேட்டு வாங்கி, தன்னந்தனியாகத் திருவாலங்காட்டுக்குப் போனவர் காரைக்கால் அம்மையார்.

பாருங்க, கப்பல் ஏறினவன் குடும்பஸ்தன் ஆனான். வீட்டில் இருந்தவள்தான் தனிமையின் எல்லைக்குப் போனாள். ஒருவர் தேடிப்போகிற தனிமைக்கு, பின்னால் இன்னொருவர் கேட்காத தனிமையில் நிற்கிறார். சோலோ ட்ரிப் வீடியோவில் அந்த பில் யார் கட்டினார்கள் என்று யாரும் காட்டுவதில்லை.

கிளிஞ்சல்மேட்டில் என் நண்பனின் மாமா ஒருத்தர் இருக்கிறார், நாற்பது வருஷமாகக் கடல் தொழில். அவரிடம் இந்த எபிசோடுக்காகத் தனியாக உலகம் சுற்றியவர்களைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "மீனுக்கா போறாங்க?" என்றார். இல்ல மாமா, சும்மா சுத்தி வர்றாங்க. "எத்தன மாசம்?" எட்டு, பத்து மாசம். "தூக்கம்?" இருபது நிமிஷம், அரை மணி நேரம்னு பிச்சுப் பிச்சு. அதற்கு அவர், "அப்ப கண்ணு அசந்த நேரத்துல எதுக்கால கப்பல் வந்தா யாரு பாக்குறது?" என்றார். பதில், யாரும் இல்லை. தனி ஆள் பாய்மரப் பயணத்தில் இன்றைக்கும் தீராத பிரச்சினை அதுதான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷர். சின்ன வயசில் கட்டுமரத்தில் ஒத்தை ஆளாகப் போனவர்தான். "அது ஆள் இல்லாததால போனது தம்பி, ஆசப்பட்டு இல்ல." விசைப்படகு வந்தபிறகு அவர் தனியாகப் போனதே கிடையாது, போக விரும்பியதும் கிடையாது. கடலில் தனிமை அவருக்கு அனுபவம் இல்லை, ஆபத்து. 2004 டிசம்பரையும் பார்த்தவர் அவர். அவரிடம் போய் 'கடல் என்னை எனக்கே காட்டியது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குப் பிடித்தது ஒரே கதை, அபிலாஷ் டோமி. கேரளத்துக்காரர், அப்போது கடற்படை விமானி. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து ஐஎன்எஸ்வி மாதேயியில் கிளம்பி, 2013 மார்ச் கடைசியில் திரும்பினார். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் இந்தியர். (நின்று நின்று முதலில் சுற்றியவர் திலீப் தோண்டே, 2010-ல் முடித்தார்.) அந்த 1968 போட்டியின் ஐம்பதாவது வருஷம், 2018-ல், பழைய தொழில்நுட்பம் மட்டும் வைத்து மறுபடியும் நடத்தினார்கள். அபிலாஷ் போனார். படகு துரியா, கோவாவில் சுஹைலி மாதிரியே கட்டியது. செப்டம்பர் 21, தெற்கு இந்தியப் பெருங்கடல். புயல். படகு உருண்டு பாய்மரம் ஒடிந்தது, அவருக்கு முதுகெலும்பில் அடி. எழுந்து நிற்க முடியவில்லை. படுத்த இடத்திலிருந்து செய்தி அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே புயலில் பாய்மரம் ஒடிந்த இன்னொரு போட்டியாளர், அயர்லாந்தின் கிரெகர் மெக்குக்கின், ஒட்டுப்போட்ட பாயோடு அபிலாஷ் இருக்கும் பக்கம் படகைத் திருப்பினார். இந்தியக் கடற்படை விமானமும் ஆஸ்திரேலிய விமானமும் மேலே பறந்து தேடின. மூன்றாம் நாள் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் வந்து முதலில் அபிலாஷையும் பிறகு கிரெகரையும் ஏற்றியது. "மீன்பிடி ரோந்துக் கப்பலா? நம்மள அவங்க பிடிக்கத்தான் வருவாங்க," என்று மாமா சிரித்தார். அப்புறம், "போட்டியில எதிராளி திரும்பி வந்தான் பாரு," என்றார். அதை ரெண்டு தடவை சொன்னார்.

அபிலாஷ் முதுகில் டைட்டானியம் கம்பியோடு நடக்கப் பழகி, 2022 செப்டம்பரில் அதே போட்டிக்கு மறுபடி போனார். 236 நாளில் முடித்து இரண்டாமிடம். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். அவரும், நடுவே படகு மூழ்கிய ஒரு போட்டியாளரைத் திசை மாறிப் போய்க் காப்பாற்றியவர். ஆக, தனியாகப் போகிறவர்கள் என்று நாம் சொல்கிறவர்கள், ரேடியோ வேலை செய்யும்வரை மற்றவர்களின் இருப்பிடத்தை விடாமல் கேட்டுக் குறித்துக்கொள்கிறவர்கள்.

நேயருக்கு நான் சொல்ல நினைத்தது இதில்தான் இருக்கிறது. அந்தப் புக் எழுதினவர்களுக்குத் தனிமை சும்மா கிடைத்த நேரம் இல்லை. காலையில் எழுந்தால் பாய் கிழிந்திருக்கும், தைக்க வேண்டும். மதியம் சூரியனை அளக்க வேண்டும். குடிதண்ணீர்க் கணக்கு. நோட்டில் எழுத வேண்டும், உண்மையாக. உங்கள் ரூமில் உங்களுக்குத் தனிமை மட்டும் கொடுத்திருக்கிறார்கள், படகைக் கொடுக்கவில்லை. 'எனக்கு ஒண்ணும் கிடைக்கல'ன்னா அது உங்க குறை இல்ல. அப்புறம், அவர்கள் தேதி குறித்துத் தேர்ந்தெடுத்துப் போனார்கள். உங்களை யாரும் கேட்கவே இல்லை.

கேட்கப்படாத தனிமை எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கப்பா பதினேழு வருஷம் குவைத்தில் இருந்தார். டெல்டா பக்கம் இது புதுசு இல்லை, தெருவுக்கு நாலு வீடு இருக்கும். இதைப் பதிவு பண்ணும் முன்னாடி அவரிடம் கேட்டேன்: அங்க தனிமையா இருந்துச்சாப்பா? "தனிமை எங்கடா? ஒரு ரூம்ல எட்டு பேரு. பாத்ரூமுக்கே லைன்ல நிக்கணும்." அப்போ தனியா இருக்கணும்னு தோணுமா? "வெள்ளிக்கிழம மத்தியானம் மட்டும் மொட்ட மாடிக்குப் போவேன். ஒரு மணி நேரம்." என்ன பண்ணுவீங்க? "நோட்டு எழுதுவேன்."

எந்த நோட்டு என்று கேட்டதற்கு பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்ததே இல்லை. நீள வாக்கில் கணக்கு நோட்டு, மூன்று. அனுப்பிய பணம், தேதி, அந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசிய நிமிஷம். ஓரத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு வரி. 'பெரியவனுக்கு ஜுரம், சொன்னார்கள்.' 'மழை என்றார்கள், இங்கே மணல் காற்று.' 'பேச ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னேன்.' அந்தக் கடைசி வரிக்குக் கீழே வேறு மையில், சின்ன எழுத்தில்: 'நன்றாக இல்லை.'

மூன்று நோட்டையும் இன்னும் படித்து முடிக்கவில்லை. அப்பா, படிச்சுட்டுத் திரும்ப பீரோலேயே வெச்சிரு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த எபிசோடில் பேரளம்–காரைக்கால் ரயில் பாதை. வாய்ஸ் நோட் அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள.